அடுத்த மாத வாசிப்புக்கு ‘தி ரோட்’ எடுக்கலாமா, வேண்டாமா?

அடிவாரம்வாசி | கன்னங்குறிச்சி

நம் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதத்துக்கு அமெரிக்க எழுத்தாளர் கார்மக் மெக்கார்த்தியின் ‘தி ரோட்’ நாவலை எடுக்கலாம் என்று தறிவீடு தம்பி சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். வாட்ஸப்பில் நாலு வரியில் சொல்லி முடிகிற விஷயமாக இது இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். 2006இல் வந்த நாவல், 2007இல் புலிட்சர் பரிசு வாங்கியது. உலகம் எரிந்து முடிந்துவிட்டது. எதனால் என்று கடைசிவரை சொல்வதில்லை. வெயில் கிடையாது, பயிர் பச்சை கிடையாது, எங்கு பார்த்தாலும் சாம்பல். பெயர் சொல்லப்படாத ஒரு அப்பாவும் அவருடைய சின்னப் பையனும் கடைத் தள்ளுவண்டியில் மூட்டை முடிச்சைப் போட்டுக்கொண்டு தெற்கே கடலைப் பார்த்து நடக்கிறார்கள். உயிரோடு மிஞ்சியவர்களில் பலர் மனிதரைத் தின்று பிழைக்கிறவர்கள். அப்பாவிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது. அதில் மிச்சமிருக்கும் குண்டு யாருக்கு என்பதுதான் அவர் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிற கணக்கு.

எழுத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவ்வளவு நன்றாக எழுதியிருப்பதுதான் என் பயமே. அதில் ஒரு நிலவறைக் காட்சி வரும். படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. அதைப் படித்த ராத்திரி எழுந்துபோய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது. வந்து படுத்துவிட்டு மறுபடியும் போய்ப் பார்த்தேன். காலையில் என் மகள் தட்டில் அரை இட்லியை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூல் வேனுக்கு ஓடினாள். அதை எடுத்து நின்றபடியே, சட்னிகூடத் தொடாமல் தின்றேன். எனக்குப் பசியே இல்லை. தின்றுவிட்டுக் குழாயடியில் தட்டைக் கழுவும்போது கை நடுங்கியது. அந்தக் கனம் இறங்க வெகு நாளானது.

நம் வட்டத்தில் 2021இல் வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஏதோ மனசு ஆறும் என்று மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மோடு வந்து உட்காருகிறார்கள். அவர்கள் கையில் இதைக் கொடுத்து, “படிச்சுட்டு வாங்க, பேசலாம்” என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தறிவீடு | அம்மாப்பேட்டை

அண்ணா, நீங்க அந்த அரை இட்லியைப் பற்றி எழுதினதைப் படிச்ச பிறகு இந்த நாவலை எடுத்தே ஆகணும்னு எனக்கு இன்னும் உறுதியாயிடுச்சு. மிச்சம் வெச்ச சோத்தைப் பார்த்துக் கை நடுங்கினா அதை நோய்னு ஏன் நினைக்கணும்? சோத்துக்கு அந்த மதிப்பு எப்பவும் உண்டு. நாமதான் பார்க்கறதில்லை.

துக்கத்தை எழுதறதும் படிக்கறதும் நமக்குப் புதுசும் இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது உடம்புல வெளியே தெரியற உணர்ச்சி, எட்டுன்னு சொன்னார், அதுல ஒண்ணு அழுகை. அது பிறக்கிற இடம் நாலுன்னு பிரிச்சார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மை இழிவா நடத்தறது, வேண்டியவங்களைச் சாகக் கொடுக்கறது, இருந்த நிலையிலிருந்து விழறது, இல்லாமை. இந்த நாவலைத் திறந்து எந்தப் பக்கத்தையும் பாருங்க, இந்த நாலுல ஒண்ணு இருக்கும். பல பக்கத்துல நாலுமே இருக்கும். பையனோட அம்மா இவங்களை விட்டுப் போனது இழவு. வீடு, தெரு, வேலைன்னு இருந்த மனுஷன் தள்ளுவண்டி தள்றது அசைவு. டப்பா டப்பாவாத் தேடி அலையறது வறுமை. இன்னொரு மனுஷனுக்கு நாம இறைச்சியாத் தெரியறதைவிட இளிவு எது?

புறநானூற்றுல பாரி மகளிர் பாட்டு இருக்கே. போன மாச நிலாவுல அப்பாவும் இருந்தார், மலையும் எங்களுது. இந்த மாச நிலாவுல ரெண்டும் இல்லை. உலகம் முடிஞ்ச பிறகு நின்னு பாடின பாட்டுதான் அது. அதைப் பள்ளிக்கூடத்துலயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கறோம். யாரும் வேண்டாம்னு சொல்றதில்லையே.

அடிவாரம்வாசி | கன்னங்குறிச்சி

தம்பி, பாரி மகளிர் பாட்டு மொத்தமே அஞ்சு வரி. முடித்ததும் மூச்சு விடலாம். இந்த நாவலில் மூச்சு விட இடமே கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் அதே சாம்பல், அதே குளிர், அதே இருமல்.

அழுகையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுகிற விதம்தான் என் கேள்வி. எங்கள் பாட்டி இறந்தபோது ஒப்பாரி வைத்த பெண்கள் தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்குத் தொண்டை கட்டினால் அடுத்தவள் பாட்டை எடுத்துக்கொண்டாள். நடுவில் பக்கத்து வீட்டு அத்தை காபி கொண்டுவந்து ஒவ்வொருத்தி வாயிலும் வற்புறுத்தி ஊற்றினாள். மூன்றாம் நாள் பால் தெளித்தார்கள், பதினாறாம் நாள் கருமாதி. துக்கத்துக்கு ஆள் துணை இருந்தது, சோறு இருந்தது, இத்தனாம் நாளோடு எழுந்திரு என்று சொல்ல ஒரு முறையும் இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக நாவல் படிக்கிறவனுக்கு இது எதுவும் கிடையாது. அவன் வீட்டுக்காரர்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவன் மட்டும் கருமாதி இல்லாத சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

மிளகுக்கொடி | ஏற்காடு

அண்ணா, நீங்க சொன்னதை வெச்சே பார்த்தாலும் இதை வட்டத்துல எடுக்கணும்னுதானே வருது? தனியாப் படிக்கிறதுதான் கெடுதல்னா, சேர்ந்து படிக்கத்தானே கேட்கறோம்.

இந்த நாவல் எப்படிப் பிறந்ததுன்னு மெக்கார்த்தி 2007ல ஒரு டிவி பேட்டியில சொல்லியிருக்கார். மகனோட எல் பாஸோ ஊருக்குப் போயிருக்கார். ராத்திரி ஹோட்டல் ஜன்னல் வழியா ஊரைப் பார்க்கறார், பையன் பக்கத்துல தூங்கறான். இன்னும் அம்பது, நூறு வருஷத்துல இந்த ஊர் எப்படியிருக்கும்னு நினைச்சப்போ மலைமேல தீ எரியற மாதிரி மனசுல ஒரு காட்சி வந்திருக்கு. அறுபது வயசுக்கு மேல பிறந்த பிள்ளை. நாவலை அந்தப் பிள்ளைக்குத்தான் சமர்ப்பணம் பண்ணியிருக்கார்.

மலைமேல தீ எரியறதை நாங்க கற்பனை பண்ண வேண்டியதே இல்லை. கோடையில சரிவுல தீப்பிடிச்சா ராத்திரி சேலத்துலயிருந்து பார்க்கறவங்களுக்கு அது வளைஞ்சு வளைஞ்சு போற ஒரு சிவப்புக் கோடு. உங்க கன்னங்குறிச்சி மொட்டை மாடியிலிருந்து நல்லாத் தெரியும். மேல இருக்கற எங்களுக்கு அது சத்தம். மூங்கில் கணு வெடிக்கும், ஒவ்வொண்ணும் வேட்டுப் போட்ட மாதிரி. நாய் குரைக்கறதை நிறுத்திடும். காத்து எந்தப் பக்கம் திரும்புதுன்னு வாசல்ல நின்னு முகத்தால பார்த்துக்கிட்டு இருப்போம். காலையில காபிச் செடி இலைமேல கரித்தூள் படிஞ்சிருக்கும், துடைச்சா விரல் கறுக்கும்.

இதைப் பல வருஷமாப் பார்த்துப் பழகிப்போயிருந்தது. நாவலைப் படிச்ச அடுத்த கோடையில அந்தக் கரித்தூளை விரலால தொட்டப்போ உள்ளே ஏதோ புரண்டுச்சு. முன்னெல்லாம் தோட்டத்து ஓரமாத் தீத்தடுப்புக் கோடு வெட்ட ஆள் விட்டுடுவேன். இப்போ நானே அரிவாளை எடுத்துக்கிட்டுப் போறேன். பயம் என்னை முடக்கலை, வேலைக்குத்தான் அனுப்பிச்சு.

வார்டு அக்கா | அஸ்தம்பட்டி

நான் ஸ்டாஃப் நர்ஸ். 2021 மே மாசம் கோவிட் வார்டுல டியூட்டி பார்த்தேன்.

இறந்துபோனவங்க பொருளைக் கவர்ல போட்டுப் பேர் எழுதி வைப்போம். கண்ணாடி, சீப்பு, செல்போன். சார்ஜ் தீர்ற வரைக்கும் அந்தக் கவருக்குள்ளே போன் அடிக்கும். ‘அம்மா’ன்னு ஸ்கிரீன்ல வரும். எடுத்துச் சொல்ல வேண்டிய ஆள் நாங்க இல்லை, டாக்டர்தான் சொல்லணும். அதனால அடிக்க விட்டுட்டு அடுத்த பெட்டுக்குப் போவோம்.

இந்த நாவலை நானும் படிச்சேன். பாதியிலேயே மூடிட்டேன், ஆனா பயந்து மூடலை. அதுல சொல்றது நான் பார்த்ததோட ஒத்துப்போகலை. உலகம் கெட்டுப்போனா முன்ன பின்ன தெரியாதவன் எல்லாம் எதிரின்னு ரோடு முழுக்கச் சொல்லிக்கிட்டே போகுது. எங்க கேட்டுக்கு வெளியே பேர் தெரியாத ஒருத்தர் தினமும் தக்காளி சாதப் பொட்டலம் வெச்சுட்டுப் போவார். யாருன்னு கடைசிவரை தெரியலை. ஆட்டோக்காரங்க காசு வாங்காம ஆளைக் கொண்டுவந்து இறக்கினாங்க, அவங்க வீட்டுலயும் குழந்தை குட்டி இருக்கு. கையைக் கழுவிட்டு ஓடினவங்க இல்லாம இல்லை, சொந்தப் பிள்ளையே வராத கேஸும் பார்த்தேன். ஆனா நாள் முழுக்க நின்னு பார்த்தவளா சொல்றேன், வந்தவங்கதான் அதிகம்.

துக்கத்தைத் தாங்கிக்குவோம். பக்கத்துல இருக்கறவனைச் சந்தேகமாப் பார்க்கக் கத்துக்கொடுக்கற புத்தகம் எதுக்கு?

தறிவீடு | அம்மாப்பேட்டை

அக்கா, உங்க முன்னாடி நான் பெருசாப் பேச முடியாது. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நீங்க மூடி வெச்ச பாதிக்கு அப்புறம் ஒரு கிழவர் ரோட்டுல வருவார், கண்ணு சரியாத் தெரியாதவர். அப்பாவுக்கு அவரைக் கடந்து போயிடணும். பையன் விடமாட்டான், அவருக்குச் சாப்பிடக் கொடுக்கணும்னு கெஞ்சிக் கேட்டுக் கொடுக்க வைப்பான். மத்தவங்களைச் சந்தேகமாப் பார்க்கறது அப்பாதான். பையன் அந்தச் சந்தேகத்தோட கடைசிவரைக்கும் சண்டை போடறான். உங்க கேட்டுல பொட்டலம் வெச்சவர் அந்த நாவலுக்குள்ளயும் இருக்கார், சின்னப் பையனா.

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்

நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். சிஸ்டர் அம்மா சொன்னதற்கு ஆய்வுத் துணையும் உண்டு. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1963இல் பேரிடர் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். குவாரன்டெல்லி என்ற சமூகவியலாளர் அதை நிறுவியவர்களில் ஒருவர். நிலநடுக்கம், வெள்ளம், புயல் என்று இடம் இடமாகப் போய்ப் பார்த்து அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: சினிமாவில் காட்டுகிற மாதிரி கூட்டம் கூட்டமாகப் பீதியும் கொள்ளையும் நடப்பது அரிது. முதலில் வந்து கை கொடுப்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

ஆனால் புயல் நாலு நாளில் போய்விடும். வருஷக்கணக்கில் நீளும் அழிவு வேறு. அதற்கு நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நம் மண்ணிலேயே நடந்தது.

1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைச் சொல்கிறேன். சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பக்கமெல்லாம் சேர்ந்தது. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த சனம், 1881 கணக்கெடுப்பில் சுமார் 16 லட்சம். ஐந்தில் ஒரு பங்கு போல் காணவில்லை. இடையில் பிறந்தவர்களையும் சேர்த்தபிறகு நிற்கிற எண்ணிக்கை இது என்பதை நினைத்துப் பாருங்கள். நாம் நின்று பேசுகிற ஒவ்வொரு ஊரும் அப்போது அந்த நாவலின் ரோடாகத்தான் இருந்திருக்கும்.

அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவனுக்கு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் என்று குறைத்தார் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்டு டெம்பிள். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோகூட இல்லை. அதில் மண் வெட்ட வேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இந்த அளவில் மனிதன் வேலை செய்து உயிர் பிழைக்க முடியாது என்று எதிர்த்து எழுதினார். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறுவது நிற்கவில்லை.

இதனால்தான் எனக்கு ‘தி ரோட்’ மீது வருத்தம். அழிவுக்குக் காரணம் சொல்லாத கதை அது. காரணம் இல்லாவிட்டால் பொறுப்பாளியும் இல்லை. படிக்கிறவனுக்குக் கோபப்பட ஆள் கிடைக்காது. கோபம் போக வழியில்லாமல் மனசு தன்மேலேயே கவிழ்ந்துகொள்ளும், அடிவாரம்வாசி சாருக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். பஞ்சக் கும்மிகளைப் பாருங்கள். மழை பொய்த்ததைப் பாடுவார்கள், விலைவாசியைப் பாடுவார்கள், நெல்லைப் பதுக்கியவனைப் பாடுவார்கள், கஞ்சி ஊற்றியவனையும் பாடுவார்கள். கேட்கிறவனுக்கு யாரைத் திட்டுவது, யாரை வாழ்த்துவது என்று தெரியும். அழுதுகொண்டே கைதட்டிச் சுற்றிவரலாம்.

மிளகுக்கொடி | ஏற்காடு

சார், நீங்க சொல்றது ஊருக்குப் பொருந்தும். ஒரு வீட்டுக்குள்ளே சாவு விழுந்தா காரணம் தெரிஞ்சாலும் உள்ளே ஒண்ணும் மாறாது. அந்த அப்பாவுக்குக் காரணம் தெரிஞ்சுதான் என்ன ஆகப்போகுது? பையனுக்கு இன்னிக்கு ராத்திரி என்ன கொடுக்கறதுன்னு மட்டும்தான் அவருக்குக் கவலை. அதை அவ்வளவு கிட்டப் போய் எழுதினதாலதான் நான் அந்தப் புத்தகத்தைக் கீழே வைக்காம படிச்சேன்.

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்

அம்மா, ஒரு வீட்டின் துக்கம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். அவர் எழுதியது உலகத்தின் முடிவை. மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். ஜனங்கள் பரிசலில் போய் வேடிக்கை பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். 1934இல் அணை கட்டி முடித்தபோது அந்த ஊர்க்காரர்களுக்கு உலகம் முடிந்தது. அந்தத் தண்ணீரில்தான் டெல்டா விளைந்தது. யாருடைய உலகம் முடிந்து யாருக்கு விளைந்தது என்று சொல்லாமல் நந்தியை மட்டும் காட்டினால் அது வெறும் காட்சி.

ஓமலூர் வெண்பா

எல்லாருக்கும் வணக்கம். நான் காலேஜ் இரண்டாம் வருஷம். இந்த மாதிரி நாவல்கள் வரிசையா நாலைஞ்சு படிச்சேன், எல்லாமே உலகம் அழிஞ்ச பிறகு நடக்கிறது. முதல்ல பிடிச்சிருந்தது. அப்புறம் எதைச் செய்யப்போனாலும் ‘இதெல்லாம் எதுக்கு’ன்னு தோண ஆரம்பிச்சுது. செமஸ்டர் புத்தகத்தைத் திறந்தா மூடிடறேன். வெயில் கூடுதுன்னு நியூஸ்ல வந்தா அன்னிக்குத் தூக்கமே வராது. வீட்டுல சொன்னா ‘கதைப் புத்தகம் படிச்சா இப்படியா’ன்னு திட்டறாங்க. இங்கே பேசறதைப் பார்த்ததும் எனக்கு மட்டும் இப்படி இல்லைன்னு தெரிஞ்சுது. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

வார்டு அக்கா | அஸ்தம்பட்டி

கண்ணு, நீ எழுதினது ரொம்ப நல்லது. இப்போதைக்கு அந்த மாதிரிப் புத்தகத்தைத் தொடாதே. இலக்கியம் எங்கேயும் ஓடிப்போகாது. தூக்கம் வராதது ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா ஆள்கிட்ட பேசணும். டெலி மனாஸ்னு அரசாங்க ஹெல்ப்லைன் இருக்கு, நம்பர் 14416, தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. ஆஸ்பத்திரியில மனநல ஓ.பி.யும் இருக்கு. அதுக்கு வர்றதுல ஒரு கூச்சமும் வேண்டாம். சாப்பாட்டை மட்டும் விட்டுடாதே.

அடிவாரம்வாசி | கன்னங்குறிச்சி

வெண்பா, இது மனசில் உரம் இல்லாததால் வருவதில்லை அம்மா. என் வயசிலேயே கை நடுங்கியது. உன் வயசில் நான் இதைப் படித்திருந்தால் என்ன ஆகியிருப்பேனோ.

தறிவீடு தம்பிக்கும் மிளகுக்கொடி அம்மாவுக்கும் இப்போது கேட்கிறேன். பயம் உங்களை அரிவாள் எடுக்க வைத்தது. இந்தப் பெண்ணைப் புத்தகத்தை மூட வைத்திருக்கிறது. 2018இல் ஷ்னைடர்-மேயர்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் பருவநிலை நாவல் படித்த 161 பேரிடம் கேட்டார். பலருக்குச் சூழல் மீது அக்கறை கூடியிருந்தது, உண்மை. ஆனால் பலருக்கு அந்தக் கதைகள் கிளப்பிய உணர்ச்சி கடுமையான துக்கமும் கையாலாகாத்தனமும்தான், அது செயலுக்குத் தடையாகவே ஆகலாம் என்றும் எழுதினார். உங்களுக்குத் தோட்டம் இருக்கிறது, வெட்டக் கோடு இருக்கிறது. பயத்தைக் கொண்டுபோய் இறக்கிவைக்க இடம் இருக்கிறது. ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதை எங்கே இறக்கிவைக்கும்?

தறிவீடு | அம்மாப்பேட்டை

நியாயமான கேள்வி அண்ணா. வெண்பா, உனக்கு இது இப்போ வேண்டாம்னு அக்கா சொன்னதையே நானும் சொல்றேன்.

ஆனா ஒரு ஆய்வை வெச்சுப் பேசினா எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு. 2021ல கோல்டன் ஸ்க்ரிவ்னர் குழு கொரோனா காலத்துல 310 பேரைக் கேட்டு எழுதினாங்க. திகில் படம் விரும்பிப் பார்க்கறவங்களுக்கு மன உளைச்சல் குறைவாவும், உலகம் அழியற கதை, ஜாம்பிக் கதை விரும்பறவங்களுக்குத் தயார் மனநிலை அதிகமாவும் இருந்ததுன்னு வந்துச்சு.

பெரிய உதாரணமும் உண்டு. 1983 நவம்பர் 20ல ‘தி டே ஆஃப்டர்’னு அணுகுண்டுப் போருக்கு அப்புறம் ஒரு ஊர் என்ன ஆகுதுன்னு அமெரிக்க டிவியில படம் போட்டாங்க. கோடிக்கணக்குல ஜனம் பார்த்தது. அப்போ ஜனாதிபதியா இருந்த ரீகன் அதுக்கு முன்னாடியே பார்த்துட்டு, தன் டைரியில ரொம்ப மனச்சோர்வு ஆயிடுச்சுன்னு எழுதி வெச்சிருக்கார். 1987ல அவரும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் நடுத்தூர ஏவுகணைகளை ஒழிக்க ஒப்பந்தம் போட்டாங்க.

அடிவாரம்வாசி | கன்னங்குறிச்சி

அந்தக் கொரோனா ஆய்வில் ஒரு சிக்கல் இருக்கிறது. திகில் படம் பார்த்ததால் தெம்பு வந்ததா, தெம்பு உள்ளவர்கள்தான் திகில் படம் பார்க்கிறார்களா? ஒரே சமயத்தில் கேள்வித்தாள் கொடுத்து அதைச் சொல்லிவிட முடியாது.

ரீகன் கதை பிடித்திருக்கிறது. ஆனால் நாலு வருஷ இடைவெளியில் எத்தனையோ நடந்தது. கோர்பச்சேவ் பதவிக்கு வந்தது அதில் பெரிய விஷயம். ஒரு படம் ஏவுகணையை இறக்கியது என்று நான் நம்பமாட்டேன். அதோடு, மனச்சோர்வு வந்தால் ஒப்பந்தம் போட ரீகனிடம் பேனா இருந்தது.

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்

இந்த இடத்தில் எனக்கு இன்னொரு நாவல் ஞாபகம் வருகிறது. நெவில் ஷூட் 1957இல் எழுதிய ‘ஆன் தி பீச்’. வடக்கே அணுப்போர் முடிந்துவிட்டது, கதிர்வீச்சு மெல்லத் தெற்கே இறங்குகிறது, மெல்போர்னில் இருப்பவர்களுக்குச் சில மாதங்களே மிச்சம். யாரும் தப்பப் போவதில்லை, ‘தி ரோட்’டில் இருக்கிற துளி நம்பிக்கைகூடக் கிடையாது. ஆனால் அந்த ஜனங்கள் வேலைக்குப் போகிறார்கள். ஒரு இளம் தம்பதி அடுத்த வருஷத்துக்காகத் தோட்டம் போடுகிறார்கள். எனக்கு அது முடக்கம் தரவில்லை. காரணமும் சொல்லியிருக்கிறது: போர், அணுகுண்டு, மனிதர் எடுத்த முடிவுகள். இருட்டு எவ்வளவு என்பது பெரிதில்லை, அந்த இருட்டுக்குள் மனிதருக்குச் செய்ய என்ன கொடுத்திருக்கிறான் எழுதியவன் என்றுதான் நான் பார்க்கிறேன்.

மிளகுக்கொடி | ஏற்காடு

‘தி ரோட்’லயும் கொடுத்திருக்கார் சார். அப்பா பையனுக்குக் குளிப்பாட்டி விடறார், தலை துவட்டறார், எங்கேயோ கிடைச்ச ஒரு கோலா டப்பாவைப் பையனையே குடிக்க வைக்கறார். பையன் அப்பாவும் ஒரு வாய் குடிக்கணும்னு அடம் பிடிக்கறான். ஒரு குழந்தையை வளர்க்கறதைத் தவிர வேற வேலையே அந்த நாவல்ல இல்லை. கடைசியில அப்பா போனதுக்கு அப்புறம் ஒரு குடும்பம் வந்து பையனைச் சேர்த்துக்குது. அக்கா சொன்ன முகம் தெரியாதவங்கதான் அவங்க. அடுத்து வர்ற கடைசிப் பத்தியில மலை ஓடையில ஒரு காலத்துல இருந்த மீனைப் பற்றி எழுதறார், திரும்ப உண்டாக்க முடியாததுன்னு. எனக்கு அதைப் படிச்சதும் எங்க ஓடையில கோடைக்கு முன்னாடி இருந்த தண்ணியை நினைச்சு அழுகைதான் வந்துச்சு. நம்பிக்கையா இழப்பான்னு கேட்டா ரெண்டும்தான்னு சொல்வேன்.

அடிவாரம்வாசி | கன்னங்குறிச்சி

அந்தக் கடைசிப் பத்தி எனக்கு இரங்கல்பா. திரும்ப வராது என்று முத்திரை குத்தி முடிக்கிறார். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், பரவாயில்லை.

வாட்ஸப்பில் ஓட்டெடுப்பு முடிந்துவிட்டது. எடுக்கலாம் என்பவர்களே அதிகம். நான் இன்னும் வேண்டாம் என்ற பக்கம்தான். ஆனால் எடுப்பதென்றால் சாவு வீட்டு முறையில் எடுங்கள். சாயங்காலக் கூட்டம் வேண்டாம், காலையில் வையுங்கள். பேசி முடித்ததும் கலைந்துவிடாமல் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். படிக்க விருப்பமில்லாதவர் படிக்காமலே வரலாம், ஏன் படிக்கவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது.

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாவலோடு தாது வருஷத்தையும் சேர்த்துப் பேச வேண்டும், இல்லாவிட்டால் என் எதிர்ப்பு அப்படியே நிற்கும். பஞ்சக் கும்மியிலிருந்து ஒரு பகுதியை நகலெடுத்து வருகிறேன்.

வார்டு அக்கா | அஸ்தம்பட்டி

அந்த ஞாயிறு எனக்கு ஆஃப் இருந்தா வரேன். விட்ட பாதியையும் அந்தக் கிழவருக்காகப் படிச்சுப் பார்க்கறேன். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு அங்கேயே சொல்வேன். ஒரே ஒரு நிபந்தனை. அந்த நிலவறைப் பகுதியை யாரும் சத்தமா வாசிக்கக் கூடாது. வெண்பா, நீ படிக்காம வா. மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்துல உட்கார்.

மிளகுக்கொடி | ஏற்காடு

ஏற்காட்டுல வெச்சுக்கலாம்னா எங்க தோட்டத்துக் களத்துல இடம் இருக்கு. சமையல் என் பொறுப்பு. ஞாயித்துக்கிழமை வண்டி நெரிசல் அதிகம், எட்டு மணிக்குள்ளே அடிவாரம் தாண்டிடுங்க.

தறிவீடு | அம்மாப்பேட்டை

சரி அக்கா, அந்தப் பகுதியை வாசிக்க மாட்டோம். அது எந்தப் பக்கத்துல தொடங்கி எங்கே முடியுதுன்னு முன்கூட்டியே குழுவுல போட்டுடறேன். தாண்டிப் போகணும்னு நினைக்கறவங்க தாண்டிக்கட்டும். புத்தகம் என்கிட்ட ரெண்டு பிரதி இருக்கு, வேணுங்கறவங்க சொல்லுங்க.